குளவி பீர்

சின்னாளப்பட்டி போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் அக்காளும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். நான் தூங்குவதுபோல் கண்ணை மூடியிருந்தேன். பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் அக்காக்காரி ஆரம்பித்தாள்.

"குளவி உடம்புல இருந்து ஈஸ்ட் எடுத்து பீர் செய்றானாம்டி, நம்ம பொண்ணுக்குப் பாத்திருக்கிற மாப்ள."

"குளவியா? வெளாடாதக்கா."

"பெங்களூருல அதுதான் வேலையாம். பாட்டில்லயே ரெண்டு வருசம் கெடந்தாத்தான் ருசி ஏறுமாம். பொண்ணு பாத்துட்டுப் போனவன், மாமா ருசி பாக்கட்டும்னு ஒண்ணு குடுத்து விட்டிருக்கான்."

"மாமா குடிச்சாரா?"

"ஒரு மடக்குதான். மொகமே கோணிப்போச்சு. 'நீச்சத்தண்ணி கணக்கா புளிக்குது, கெட்டுப்போனதக் குடுத்து என்னைய ஆழம் பாக்குறான்'னு ஒரே சத்தம். எனக்கும் சந்தேகந்தான். இந்தச் சம்பந்தமே வேணாம்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள நம்ம பொண்ணு கிளாஸ வாங்கி ஒரு சொட்டு நாக்குல விட்டுப் பாத்தா."

"அவளா? என்ன சொன்னா?"

அக்காக்காரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"'கெடலப்பா, போன வருசத்த விட இப்பப் புளிப்பு எம்புட்டோ அடங்கியிருக்கு'ங்கிறா. அவன் நம்ம வீட்டு வாசப்படிய மிதிச்சே இன்னும் ஒரு மாசம் ஆகலடி."