அரைச் சுற்று

நான் எதையும் இருமுறை சரிபார்க்கிறவன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போவேன். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். அம்மா சிரிப்பார்.

எங்கள் நிறுவனம் செய்வது கனெக்டர். அறுவை சிகிச்சை அறையில், உடலுக்குள் போகும் கேமராவையும் டாக்டர் பார்க்கும் திரையையும் இணைக்கிற, விரல்நுனி அளவுப் பொருள். அதன் வழியே சிக்னல் சிதையாமல் போகுமா என்று கணினியில் முன்கூட்டியே மாடல் போட்டுப் பார்ப்பது என் வேலை. செய்து வந்த பொருளை மேசையில் வைத்து அளப்பது அக்காவின் வேலை. உடன்பிறந்தவர் அல்ல, அங்கே எல்லோருக்கும் அவர் அக்கா.

என் மாடலில் சிக்னலின் வரைபடக் கோடு வழவழவென்று போனது. அக்கா அளந்த கோட்டில் ஓரிடத்தில் பள்ளம் விழுந்தது. சிக்னல் அந்த வேகத்தை எட்டும்போது தொலைந்துபோகிறது என்று அர்த்தம்.

"கணக்கு மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு நிக்குது. அளவு மட்டும் ஏன் மாமியார் மாதிரி குறை சொல்லுது?" என்றார் மேலாளர். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

மாடலை மறுபடி பார்த்தேன். தவறு தென்படவில்லை. என்மேல் எனக்கிருந்த சந்தேகம் ஒருவர் மட்டும் சுமக்க அதிகம். அதில் கொஞ்சத்தை அக்காவுக்குக் கொடுப்பது நியாயமாகப் பட்டது. அவர் டீ குடிக்கப் போகும்போதெல்லாம் அளவுக்கருவியின் கேபிள் நட்டை அரைச் சுற்று தளர்த்தினேன். பள்ளம் நாளுக்கொரு இடத்தில் விழுந்தது.

"தம்பி, நேத்து இங்க இருந்துச்சு, இன்னைக்கு அங்க போயிடுச்சு. நான் சரியா முறுக்கலையா? எனக்குக் கை நடுங்குதாப்பா?"

"கொஞ்சம், அக்கா. டாக்டரைப் பாருங்களேன்."

பார்த்தார். ஒன்றுமில்லை என்றாராம் டாக்டர். அக்கா நம்பவில்லை, டாக்டரை மாற்றினார்.

இடையில் என் தவறு கிடைத்துவிட்டது. செம்புக் கம்பி வளையும் இடத்தில் பிளாஸ்டிக் தடிப்பதை மாடலில் சேர்க்காமல் விட்டிருந்தேன். சேர்த்ததும், அக்கா முதல்நாள் காட்டிய அதே இடத்தில் பள்ளம். அதற்குள் மாடலுக்கு ஒப்புதல் கிடைத்திருந்தது. திருத்தினால் கனெக்டரை வார்க்கும் அச்சைப் புதிதாக வெட்ட வேண்டும், எல்லோருக்கும் சிரமம். திருத்தத்தை அழித்தேன். நட்டைத் தளர்த்துவதைத் தொடர்ந்தேன்.

அக்கா தானாகவே வேலையை விட்டார். வழியனுப்பு விழாவில் நான்தான் பேசினேன்.

நீங்கள் விசாரிக்கிற அறுவை சிகிச்சையில் திரை இருண்டது அந்தப் பள்ளத்தால்தான். அப்போது டாக்டரின் கத்தி உள்ளே இருந்தது. அந்தப் பெண் பிழைக்கவில்லை என்பது நீங்கள் சொல்லித்தான் தெரியும். அதற்குக் காரணம் கனெக்டர். கனெக்டருக்குக் காரணம் நான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஓர் உதவி. அக்காவின் கை ஒருநாளும் நடுங்கவில்லை என்பதை அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். நானே சொல்லியிருப்பேன், மனம் உடைந்துபோவாரே என்றுதான் பொறுத்தேன்.