பதினோராவது மெய்ப்பு

எங்கள் வரலாற்றுக் கழகத்தின் கூட்டங்களில் பிஸ்கட் நன்றாக இருக்கும். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, மாலை நான்கு மணி. உறுப்பினர்களில் பாதிப் பேர் பிஸ்கட்டுக்காக வருகிறார்கள். மீதிப் பேர் பேசுவதற்காக வருகிறார்கள். அவர்கள் பேசி முடிக்கும்போது தட்டு காலியாகியிருக்கும். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார். ஆழ்ந்த யோசனை என்று பல வருடம் நம்பினோம், பிறகு ஒருநாள் குறட்டை வந்தது. மாவட்டத்தின் பழைய கிணறு எந்த ஆண்டு தோண்டப்பட்டது என்று ஏழு கூட்டங்கள் விவாதித்திருக்கிறோம். அந்தக் கிணற்றை மூடி நாற்பது வருடம் ஆகிறது.

நான் செயலாளர். இருபத்தாறு வருடமாக. நீங்கள் அவசரப்படுவது தெரிகிறது, ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்கும் எழுதிக்கொள்ள வசதி.

எங்களிடம் ஒரு விதி உண்டு. மரக்கடைக்காரர் என்றொரு உறுப்பினர், தன் தாத்தா புலியைக் கொன்றதாக ஒரு கூட்டத்தில் சொன்னார். அடுத்த கூட்டத்தில் இரண்டு புலி ஆயிற்று. மூன்றாவது கூட்டத்துக்கு முன்பாக நான் விதியை எழுதிவிட்டேன். வாய்மொழியாகச் சாட்சி சொல்பவர், அச்சுக்குப் போகும் முன் வரும் மெய்ப்பைப் படித்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட வேண்டும். கழக அலுவலகத்தில், செயலாளர் முன்னிலையில். ஓரிடத்தில் திருத்தினாலும் மறுபடி எல்லாப் பக்கங்களிலும். கையெழுத்து இல்லையேல் அந்தச் சாட்சியம் நூலில் வராது. எல்லோரும் கைதட்டினார்கள், மரக்கடைக்காரர் உட்பட.

அலுவலகம் நான்காவது மாடியில் இருக்கிறது. எழுபத்திரண்டு படிக்கட்டு. மின்தூக்கி வைப்பது பற்றி ஆராய ஒரு துணைக்குழு இருக்கிறது. அதன் தலைவரும் நான்தான்.

போன வருடம் பொத்தான் தொழிற்சாலைத் தீ விபத்தின் அறுபத்தைந்தாம் ஆண்டு. பத்தொன்பது பெண்கள் கருகிப்போன விபத்து. செல்லுலாய்டு பொத்தான், தீப்பற்றினால் பேப்பரைவிட வேகம். பெண்கள் பொத்தானை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம், அதனால் பின்கதவு எப்போதும் பூட்டியிருக்கும். காவலாளி ஓடிவந்து கதவைத் திறந்து ஆறு பேரைக் காப்பாற்றினார் என்று எங்கள் பழைய நூலில் இருக்கிறது. நகர மண்டபத்தில் அவர் பெயருக்குப் பித்தளைப் பலகையும் இருக்கிறது. அவர் என் அப்பா. தீக்குக் காரணம், பதினேழு வயதுப் பெண் ஒருத்தி சாப்பாடு சூடுபண்ண உள்ளே கொண்டுவந்த மண்ணெண்ணெய் அடுப்பு என்றும் அதே நூலில் இருக்கிறது.

நினைவு மலர் போடப்போகிறோம் என்று அறிவித்ததும் ஒரு தையல்காரம்மா வந்தார். எழுபத்தொன்பது வயது. அடுப்புக்காரியின் தங்கை. பதினான்கு வயதில் அதே தொழிற்சாலையில் பொத்தானை அளவுவாரியாகப் பிரித்துப்போடும் வேலையில் இருந்தவர், பிழைத்த ஆறு பேரில் அன்றைக்கு உயிரோடிருந்த ஒரே ஆள். அவருடைய பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் எங்கள் நூலைப் பாடமாக நடத்தியிருக்கிறார்கள். பிள்ளை வீட்டுக்கு வந்து, பத்தொன்பது பேரைக் கொன்றது நம் வீட்டுப் பெண்ணா என்று கேட்டிருக்கிறாள்.

மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவர், என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீங்க காவலாளி மகன்தானே? அதே நெத்தி. உங்க அப்பா கெட்டவர் இல்ல தம்பி. பசிச்சது, சாப்பிடப் போயிட்டார். சாவி பையிலயே இருந்துபோச்சு. அவர் திரும்பி வந்து திறந்தப்போ நாங்க ஆறு பேர்தான் மிச்சம். அவரைத் திட்டி எழுத வேண்டாம். மெருகு போடுற சக்கரத்துலேருந்து பொறி பறந்தது, நான் பார்த்தேன். எங்க அக்கா கையில அடுப்பு கிடையாது. இது மட்டும் புத்தகத்துல வரணும்."

நான்கு பக்கம் வந்தது. நன்றாகவே சொல்லியிருந்தார். நான் எழுதி, அச்சகத்துக்கு அனுப்பி, மெய்ப்பு வந்ததும் அவரை அழைத்தேன்.

முதல் தடவை தேதியில் ஓர் எண் மாறியிருந்தது. அது உண்மையான பிழை. இரண்டாவது தடவை ஒற்று விட்டுப்போயிருந்தது. அதுவும் உண்மை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டாவது நாளில்தான், அவர் வாசலில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். உதடு நீலமாயிருந்தது. தண்ணீர் கொடுத்தேன். அதன்பின் பிழைகள் குறையவில்லை.

அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. "மேலோகத்துக்குக்கூட இவ்வளவு படி இருக்காது தம்பி" என்பார். ஆறாவது தடவை மட்டும், "இன்னைக்கு என்ன தப்பு கண்டுபிடிச்சீங்க? எங்க அக்கா மேல எழுதுனதைவிடப் பெரிசா?" என்று கேட்டார். அரைப்புள்ளி என்றேன். சிரித்தார்.

நான்காவது தடவைக்குப் பிறகே இதய மருத்துவரின் கடிதம் ஒன்றை அவர் மகள் அனுப்பியிருந்தார். அம்மா மாடி ஏறக்கூடாது, தயவுசெய்து மெய்ப்பை வீட்டுக்கு அனுப்புங்கள் என்று. மகள் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். பகலில் அம்மாவுடன் வர முடியாது. கடிதத்தில் 'பெறப்பட்டது' முத்திரை குத்தி, தேதி போட்டு, எண் கொடுத்துக் கோப்பில் வைத்தேன். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எங்கள் உறுப்பினரான பல் மருத்துவரின் மருத்துவமனை இருக்கிறது. "என் ரூம்லயே உட்கார்ந்து கையெழுத்துப் போடட்டுமே சார், பாவம்" என்றார் அவர். விதியைக் காட்டினேன். அவருக்கு என்மேல் மரியாதை கூடிவிட்டது.

பதினோராவது தடவை ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை. அவர் ஏறிவரும் சத்தம் எனக்குப் பழக்கம்: கைத்தடி ஒன்று, கால் இரண்டு, பிறகு நிறுத்தம். மூன்றாவது மாடித் திருப்பத்தில் நிறுத்தம் நீண்டது. கதவு திறந்தே இருந்தது.

"தம்பி, கொஞ்சம் வாங்களேன்."

என் முன்னால் மெய்ப்பு விரிந்திருந்தது. அன்றைக்கு அதில் பிழை ஒன்றுமே இல்லை. பன்னிரண்டாவது தடவைக்கு எதைச் சொல்வது என்றுதான் தேடிக்கொண்டிருந்தேன். இன்னொரு முறை கூப்பிட்டார், சத்தம் குறைவாக. கைத்தடி மட்டும் உருண்டு போய் எங்கோ இடித்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்தைந்து நிமிடம் கழித்துப் பல் மருத்துவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அது இருபத்தைந்து நிமிடம் என்று உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான்தான் சொல்கிறேன்.

இரங்கல் கூட்டம் நடத்தினோம். மாவட்டம் ஒரு வாழும் ஆவணத்தை இழந்தது என்று தலைவர் பேசினார், வாக்கியம் என்னுடையது. மௌன அஞ்சலியில் அவர் தூங்கிவிட்டதால் இரண்டு நிமிடம் ஐந்தாயிற்று. அந்த ஐந்து நிமிடத்தில் நான் எதைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்றும் மூன்றாவது மாடி வந்தால் என் கால் தானாக நின்றுவிடுகிறது.

மலர் வெளிவந்தது. சாட்சியம் கையெழுத்தாகாததால் அடுப்பு பழைய இடத்திலேயே இருந்தது.

பிறகு மகள் வந்து அம்மாவின் கோப்பைக் கேட்டார். குடும்பத்தார் கேட்டால் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி. அதுவும் நான் எழுதியது. எடுத்துக் கொடுத்தேன். பதினோரு மெய்ப்பு, பதினோரு தேதி, நடுவில் முத்திரையோடு மருத்துவர் கடிதம். வேறொருவனாயிருந்தால் அந்தக் கடிதத்தைக் கிழித்திருப்பான். மாவட்டமே பழைய காகிதத்தை எடைக்குப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் ஒரு தாளைக்கூடத் தொலைக்காத ஆள் நான். அந்தப் பெண் மேசையருகில் நின்றபடியே எல்லாவற்றையும் படித்தார். "எங்க அம்மா உங்களை ரொம்ப கவனமான ஆளுன்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க" என்றார். அடுத்த நாள் காவல் நிலையத்திலிருந்து நீங்கள் வந்தீர்கள்.

அப்பாவின் பெயரைக் காப்பாற்றச் செய்தேன் என்றுதான் நேற்று உங்களிடம் சொன்னேன். நீங்களும் அப்படியே எழுதிக்கொண்டீர்கள், தலையைக்கூட ஆட்டினீர்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள்.

பித்தளைப் பலகைத் திறப்புக்கு அப்பா வரவில்லை. அதற்குப் பிறகு மண்டபத்தைத் தாண்டிப் போகவே மாட்டார், இரண்டு தெரு சுற்றித்தான் போவார். அடுப்பும் ஊர்ப் பேச்சு இல்லை. அந்தப் பழைய நூலை நான் எழுதும்போது தீக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. பூட்டிய கதவைப் பற்றி யாரும் யோசிக்காத மாதிரி ஒரு காரணம். இறந்தவர்கள் பட்டியலில் விரலை வைத்தேன், அந்தப் பெண் கிடைத்தாள். 'என்று கூறப்படுகிறது' என்று முடித்துவிட்டால் யாருடைய கையெழுத்தும் வேண்டாம். காவலாளியின் மகன் என்பதற்காக யாரும் செயலாளர் ஆக்க மாட்டார்கள். வீரரின் மகன் என்றால் நாற்காலி போடுவார்கள்.

எழுதி முடித்ததும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்போது அவருக்குப் பார்வை மங்கியிருந்தது.

"அந்தப் பொண்ணு அடுப்பு ஒண்ணும் கொண்டுவரலடா. சாவி எங்கிட்டதான் இருந்தது. மாத்தி எழுது, நான் கையெழுத்துப் போடுறேன்" என்றார்.

சாப்பிட உட்காரும்போதெல்லாம், தாள் எங்கேடா என்று கேட்பார். இரண்டு வருடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஏற வேண்டிய மாடி ஒன்றுமில்லை, ஒரே வீட்டில்தான் இருந்தோம். அச்சகத்தில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.