முன்னால் போன வெள்ளைத் துணி

நள்ளிரவு தாண்டி ஒரு மணி இருக்கும். மலையடிவாரச் சாலை... ஈ காக்கை இல்லை. லாரி நிறையப் பிள்ளைகள், மேலே தார்ப்பாய். நகரத்தில் குண்டு விழுகிறது என்று பிள்ளைகளைக் கிராமத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம். லாரியை ஓட்டியவர் என் நண்பனுடைய பெரியப்பா. நம்பாதவன் இப்போதே எழுந்து வீட்டுக்குப் போகலாம்... தனியாகத்தான் போக வேண்டும்.

விளக்குப் போட்டால் விமானத்துக்குத் தெரிந்துவிடும். அதனால் கிளீனர் முதுகில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு முன்னால் நடப்பான். துணி நகர்ந்தால் வண்டி நகரும். நின்றால் நிற்கும். அன்றைக்குக் கிளீனர், பெரியப்பாவின் தங்கை புருஷன். அவனுடைய மகளும் தார்ப்பாய்க்குள் இருந்தாள். "ரெண்டு பேரையும் முழுசா கொண்டுபோய்ச் சேர்த்துடுண்ணா" என்று தங்கை கையைப் பிடித்து அழுதிருந்தாள்.

பாதி வழியில் விமானம் வந்துவிட்டது. தலையை உரசுவது போலத் தாழ... தடதடதடவென்று சுட்டது. கண்ணாடி நொறுங்கிப் பெரியப்பாவின் முகத்தில் இறங்கியது. பிள்ளைகளுக்குத் துணையாக வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சருக்குப் பாதித் தலை இல்லை. ரத்தம் சுடச்சுட இவர் மடியில் கொட்டியது. கிளட்சிலிருந்து கால் வழுக்க, வண்டி எகிறி எதன் மேலோ ஏறி இறங்கியது. கல்லாக இருக்கும் என்று நினைத்தார்.

விமானம் போய்விட்டது. கருகிய ரப்பர் நாற்றம். காதுக்குள் 'ஙொய்...' என்று ஒரே இரைச்சல். முன்னால் வெள்ளைத் துணி நகர்ந்தது. அப்பாடா, மாப்பிள்ளை பிழைத்தான் என்று வண்டியை விட்டார். அடியில் ஏதோ உரசிக்கொண்டே வந்தது. சைலன்சர் கழன்றிருக்கும், பாலம் தாண்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். பாவி மனுஷன், அங்கேயே இறங்கிப் பார்த்திருக்கலாம்.

பாலம் தாண்டி நிறுத்திக் குனிந்தார். அச்சில் சட்டை சுற்றி, மாப்பிள்ளை. இடுப்புக்குக் கீழே சாலையோடு போயிருந்தது. விரல்கள் மட்டும் இரும்பை இறுகப் பிடித்திருந்தன.

ஓடிப்போய்த் தார்ப்பாயைத் தூக்கினார். பிள்ளைகள் எல்லாரும் உயிரோடு இருந்தார்கள்... இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு. மகள் மட்டும் மெல்லக் கையை எடுத்தாள்.

"அப்பா வழியெல்லாம் கீழேருந்து கத்திட்டே வந்தாரு, மாமா. இப்பதான் நிறுத்தினாரு. சத்தம் போட்டா மேலேருந்து சுட்டுடுவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

பெரியப்பா திரும்பிச் சாலையைப் பார்த்தார்.

கொஞ்ச தூரத்தில் அந்த வெள்ளைத் துணி நின்றுகொண்டிருந்தது. வண்டி எப்போது கிளம்பும் என்று...