ஈரம் காயாத பானை

கலஹாவிலிருந்து கண்டிக்கு வரும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். வெளியே மலையெல்லாம் பனிமூட்டம்.

"எப்பவோ செத்துப்போன ஒருத்தியோட விரல நேத்து தொட்டேன்," என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

"எங்க தொட்டீங்கக்கா?"

"தொல்லியல்காரங்களோட தோண்டப் போனேன்ல, அங்க. பானை ஓடு ஒண்ணு கெடச்சிச்சு. பானைய செஞ்சவ ஈரம் காயுறதுக்குள்ள தூக்கியிருக்கா, விரல் பதிஞ்சிருக்கு. என் விரல வச்சேன். சரியா பொருந்திச்சு."

"ஒங்க நாவலுக்கு உதவுமா?"

"நாவல்ல பானை செய்றவள அழுதுகிட்டே உக்கார வச்சிருக்கேன். இவ எங்கயோ போற அவசரத்துல இருந்திருக்கா. முழுசா மறுபடி எழுதணும்."

"அவ்வளவையுமா?"

"ம்." கண்ணாடியில் படிந்த பனியை அவள் துடைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எங்க போனாளாம்?"

"தெரியல. தெரிஞ்சிக்கத்தான் எழுதப்போறேன்."