குன்ஹில்ட் ஸ்டாவ்லி பகலில் தூங்கியது பற்றி

டகோட்டா பிரதேசம், டன்மோர் கவுண்டி நிலப் பதிவு அலுவலகத்தில், 1886 அக்டோபர் 14, வியாழக்கிழமை காலை, சத்தியப் பிரமாணத்தின் பேரில் பதிவான சாட்சி வாக்குமூலம். புகார் செய்தவர் லைமன் க்ரூட்டர். எதிர் தரப்பு விதவை குன்ஹில்ட் ஸ்டாவ்லி.

என் பெயர் ஹால்வோர் ப்ரெக்கே. வயது 52. பிறந்தது நார்வேயில். மணமாகவில்லை. ஆஷ்பி ஊருக்கு வடக்கே ஒன்பது மைலில், நூற்று அறுபது ஏக்கர் நிலத்தில் வசிக்கிறேன். போன வருடம் பட்டா வாங்கிவிட்டேன். தொழில் விவசாயமும் நில அளவையும் என்று சொன்னேன். அளவைக்கு உரிமம் உண்டா என்று எழுத்தர் கேட்டார். இல்லை என்றேன். ஆகவே விவசாயம் என்று மட்டும் எழுதப்பட்டது.

எதிர் தரப்பு குன்ஹில்ட் ஸ்டாவ்லியை எனக்கு ஐந்து வருடமாகத் தெரியும். அவள் நிலம் என் நிலத்துக்கு நேர் மேற்கே, ஒட்டினாற்போல் இருக்கிறது. ஐந்து வருடம் அந்த நிலத்தில் குடியிருந்து உழுதால் அது அவளுடையது என்பது சட்டம். அவள் குடியிருந்தது அவள் நிலத்தில் அல்ல, என் நிலத்தில் என்பது க்ரூட்டரின் புகார். வீடு என் நிலத்தில் இருந்தது உண்மை. அது எப்படி நேர்ந்தது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் அரசாங்கம் நட்ட எல்லைக் கற்கள் சில மூலைகளில்தான் மிச்சம். மரக் குச்சிகளைப் புல்வெளித் தீ தின்றுவிட்டது. புதிதாகக் குடியேற வருகிறவர்கள் நில அளவையாளரை அழைப்பதில்லை, என்னைத்தான் அழைப்பார்கள். வண்டியின் பின் சக்கரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, குதிரைகளை நேராக ஓட்டி, துணி மேலே வரும் ஒவ்வொரு முறையும் ஒன்று என்று எண்ணுவேன். என் சக்கரம் ஒரு சுற்றுக்குப் பதின்மூன்று அடி ஒன்பது அங்குலம் போகும். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு சுற்று போனால் சரியாக அரை மைல். இப்படிப் பதினோரு குடும்பங்களுக்கு அளந்து கொடுத்திருக்கிறேன். வேலிச் சண்டை என்று ஒருவரும் என் வாசலுக்கு வந்ததில்லை. இது வழக்குக்குத் தேவையில்லை என்று எழுத்தர் சொன்னார். தேவை இருக்கிறது, எழுதுங்கள் என்று நான் சொன்னேன்.

1881 மே மாதம் குன்ஹில்ட் ஸ்டாவ்லி ஒரு அடுப்பும், ஒரு கட்டிலும், கூடையில் ஆறு கோழிகளுமாக வந்து இறங்கினாள். புருஷன் வரும் வழியில் காய்ச்சலில் இறந்திருந்தான். நான் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு, அவள் நிலத்தின் மேற்கு மூலைக் கல்லிலிருந்து கிழக்கு நோக்கி ஓட்டினேன். அரை மைல் முடிகிற இடம் அவளுக்கும் எனக்கும் பொது எல்லை. நூற்றுப் பதினேழாவது சுற்றில் கூடையின் மூடி திறந்து கோழிகள் புல்லுக்குள் ஓடின. நான் வண்டியை நிறுத்தி, "நூத்திப் பதினேழு" என்று உரக்கச் சொல்லி, என் தொப்பியைச் சக்கரத்தின் பக்கத்தில் போட்டுவிட்டுக் கோழி பிடிக்க ஓடினேன். அவளும் ஓடி வந்தாள். ஆறையும் பிடித்தோம். அன்றுதான் அவள் முதல்முறை சிரித்ததைப் பார்த்தேன். அதன் பிறகு வண்டியில் ஏறி, நூற்றுப் பதினெட்டு என்று தொடர்ந்து எண்ணினேன்.

எண் என் தலையில் அப்படியே இருந்தது, அதில் பிசகு இல்லை. வண்டிதான் அங்கே இல்லை. குதிரைகள் நல்ல புல்லைக் கண்டு மூன்று சுற்று தூரம் முன்னே போய் நின்றிருந்தன. கோணலாகப் போயிருந்தால் கண்டுபிடித்திருப்பேன். நான் பழக்கிய குதிரைகள், நேராகப் போய்விட்டன. தொப்பி வண்டிக்கு நாற்பதடி பின்னால் கிடந்தது. காற்று தள்ளிவிட்டது என்று நினைத்து எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு எண்ணி முடித்த இடத்தில் நான் எல்லைக் குச்சி நட்டேன். என் கிணற்றுக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று, அந்தக் குச்சிக்குப் பத்தடி உள்ளே தள்ளி அவள் வீடு கட்டிக்கொண்டாள். புல்லோடு உழுது புரட்டிய மண்பாளங்களைத் தானே வெட்டி, தானே சுமந்து, புல் பக்கம் கீழே இருக்கும்படி தானே அடுக்கினாள். நான் கூரைக்குக் கை கொடுத்தேன்.

இந்த ஐந்து வருடத்தில் அவள் ஒருநாளும் அந்த வீட்டை விட்டு வேறெங்கும் குடியிருக்கவில்லை. என் கிணற்றில் தண்ணீர் எடுத்தாள், சனிக்கிழமைதோறும் எனக்கு ரொட்டி கொடுத்தாள். வருடத்துக்கு இரண்டு முறை ஆட்டு ரோமம் வெட்டும் கத்தரியால் எனக்கு முடி வெட்டிவிடுவாள். வெட்டி முடித்ததும், "காது ரெண்டும் இருக்கு. நீங்களே ஒரு தடவ எண்ணிப் பாத்துக்கோங்க" என்பாள். என் எண்ணிக்கையைக் கேலி செய்ய அவளுக்கு மட்டும் உரிமை உண்டு.

கடந்த செப்டம்பர் முதல் தேதி, பள்ளிக்கூடத்துக்கு இடம் பார்க்கக் கவுண்டி அளவையாளர் அளக்கும் சங்கிலியோடு வந்தார். அளந்து பார்த்துவிட்டு, உண்மையான எல்லை என் குச்சிக்கு நாற்பத்தோரு அடி மேற்கே இருக்கிறது என்றும், குன்ஹில்டின் வீடு முழுக்க என் நிலத்தில் நிற்கிறது என்றும் சொன்னார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஹால்வோர் எண்ணினா எண்ணினதுதான். உங்க சங்கிலி எங்கயோ முறுக்கிக்கிச்சு. கொண்டு போயி எண்ணெய் போட்டு இழுங்கய்யா!" என்றாள். நான் பக்கத்தில் நின்றேன்.

நாற்பத்தோரு அடி என்று கேட்டதுமே மூன்று சுற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உடனே தொப்பி நினைவுக்கு வந்தது. அன்று காற்று மேற்கிலிருந்து அடித்தது. தொப்பியோ வண்டிக்கு மேற்கே கிடந்தது. காற்றை எதிர்த்துத் தொப்பி போகாது என்பது ஐந்து வருடம் என் மண்டையில் ஏறவில்லை.

ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. மூன்று வாரம் திறக்கவில்லை. வெட்கம்தான் காரணம், வேறு ஒன்றுமில்லை. அந்த மூன்று வாரமும் அவள் தேவாலயத்திலும், மாவு மில்லிலும், பார்க்கிறவர்களிடமெல்லாம் என் எண்ணிக்கைக்காகச் சண்டை போட்டாள். மேற்கே தள்ளி ஒரு அறை கட்டிக்கொள் என்று அக்கம்பக்கத்தார் சொன்னபோது, "கட்டினா ஹால்வோர் தப்பா எண்ணிட்டாருன்னு ஆயிடும். கட்ட மாட்டேன்" என்று மறுத்துவிட்டாள். இதை நான் என் காதால் கேட்டேன். அதன் பிறகும் சும்மா இருந்தேன்.

செப்டம்பர் 21, செவ்வாய்க்கிழமை மாலை, பக்கத்து நிலத்து பார்போரா குபிச்சா ஆஷ்பியிலிருந்து திரும்பும் வழியில் என்னிடம் வந்தாள். க்ரூட்டர் அந்த நிலத்தைத் தன் பேருக்குக் கேட்டுப் புகார் கொடுத்துவிட்டான், நாளைக்கு ஷெரீப்பின் ஆள் டெபுடி வாடெல் வழக்குக் காகிதம் கொண்டு வருகிறார் என்றாள். காகிதம் கைக்கு வருவதற்குள் குன்ஹில்ட் தன் நிலத்தில் படுத்துத் தூங்கிவிட்டால் குறை தீர்ந்தது, வந்த பிறகு என்றால் தீராது என்று இதே அலுவலகத்தில் கேட்டு வந்திருந்தாள். "அவ புடிவாதத்துக்கு மருந்து உங்கிட்டதான் இருக்கு, கிழவா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

22ஆம் தேதி, புதன்கிழமை, காலை ஆறு மணிக்குக் குன்ஹில்டின் வீட்டுக்குப் போனேன். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கோழி, குதிரை, தொப்பி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பிசைவதை நிறுத்தவில்லை. முடித்த பிறகு என்னைப் பார்த்து, "மூணு வாரம். மூணு வாரமா நான் ஊரெல்லாம் தொண்ட கிழியக் கத்திக்கிட்டு இருந்தேனே, அப்ப உங்க வாயில என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள். மாவோடு இருந்த துணியை என் முகத்தில் எறிந்தாள். அதன் பிறகு, "நிக்காதீங்க. போயி ஏர கட்டுங்க" என்றாள்.

எட்டு மணிக்கு எட்டு குடும்பத்திலிருந்து பத்தொன்பது பேர் வந்துவிட்டார்கள். இரண்டு ஏர் மண்பாளம் வெட்டியது, மற்றவர்கள் சுமந்து அடுக்கினார்கள். வீட்டின் மேற்குச் சுவரிலிருந்து உண்மையான எல்லை பதினோரு அடி. நாங்கள் அந்தச் சுவரை ஒட்டி மேற்கே இருபத்துநான்கு அடி நீளத்துக்கு அறை கட்டினோம். நீளத்தை நான் அளக்க வேண்டாம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். பார்போரா கயிறு வைத்து அளந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு டெபுடி வாடெல் குதிரையில் வந்தார். அப்போது சுவர் என் மார்பு உயரம்தான் இருந்தது. காகிதம் அவருடைய சட்டைப் பையில் எட்டிப் பார்த்தது. எங்கள் எல்லோருக்கும் அது தெரியும், தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தவனைச் சாப்பிட வைக்காமல் வந்த காரியம் கேட்பதில்லை. புல்வெளிக் கோழிக் குழம்பு, உருளைக்கிழங்கு, காட்டு பிளம் பழம் வைத்த பணியாரம் இருந்தது. மூன்று தட்டு சாப்பிட்டார். நான்காவதும் போட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டே சுவரைப் பார்த்தார், அடுக்குகிறவர்களைப் பார்த்தார், "நல்லா சவச்சித் திங்கணும்னு வைத்தியர் சொல்லியிருக்காரு எனக்கு" என்றார்.

இரண்டரை மணிக்கு நான்கு சுவரும் நின்றது. கூரை இல்லை. கட்டிலைக் கொண்டுபோய் மேற்குக் கோடியில், எல்லைக்கு அந்தப் பக்கம், அவள் நிலத்தில் போட்டோம். குன்ஹில்ட் காலணியைக் கழற்றிவிட்டு அத்தனை பேர் முன்னாலும் படுக்க வேண்டியிருந்தது. முகம் சிவந்துவிட்டது. "இத்தன பேரு பாத்தா எப்படித் தூக்கம் வரும்? எல்லாரும் திரும்புங்க" என்றாள். பத்தொன்பது பேரும் நானும் திரும்பி நின்றோம். டெபுடியும் தட்டோடு திரும்பிக்கொண்டார்.

தூங்குகிற மாதிரி கிடந்தால் போதும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஆனால் அவள் உண்மையிலேயே தூங்கிவிட்டாள். க்ரூட்டரின் வக்கீல் பக்லி, அவள் தூங்கியது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறார். குறட்டை விட்டாள். இதைச் சொல்லக் கூடாது என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். சத்தியம் செய்துவிட்டதால் சொல்கிறேன்.

அதன் பிறகு ஒருவரும் சத்தம் போடவில்லை. கூரைக் கம்புகளைக் குழந்தையைக் கிடத்துவது போல மெல்ல வைத்தார்கள். குதிரைகளின் கழுத்து மணியை பார்போரா கழற்றி மடியில் கட்டிக்கொண்டாள். ஐந்து வருடத்தில் அவள் பகலில் கண்ணை மூடி நாங்கள் யாரும் பார்த்ததில்லை. கையில் இன்னும் மாவு காய்ந்திருந்தது. எனக்கு அவளைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது, என்னை நினைக்க நினைக்கக் கேவலமாக இருந்தது. இந்த வரியை அடித்துவிடட்டுமா என்று எழுத்தர் கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

டெபுடி வாடெல் கட்டிலின் அருகே போனார், பையில் கை வைத்தார், பிறகு கையை எடுத்துவிட்டார். பார்போரா அவரைப் பார்த்த பார்வையில் நானே ஒரு அடி பின்னால் போனேன். "என்னத்துக்கும்மா மொறைக்கிற? தூங்குற பொம்பளய எழுப்பறதுக்கு எனக்கு கவுண்டி சம்பளம் குடுக்கல" என்று அவர் ரகசியமாகச் சொல்லி, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். நாலேகால் மணிக்கு அவள் தானாக விழித்தாள். அப்போதுதான் காகிதம் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு முதலில் கேட்டது, "சாப்ட்டீங்களா?" என்பதுதான்.

அன்று முதல் இன்று வரை அவள் அந்த அறையில்தான் தூங்குகிறாள். அடுப்பு இன்னும் பழைய வீட்டில், என் நிலத்தில் இருக்கிறது, ஆகவே அவள் வசிப்பது உன் நிலத்தில்தானே என்று வக்கீல் பக்லி கேட்கிறார். சமைப்பது என் நிலத்தில், தூங்குவது அவள் நிலத்தில். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. அந்த நாற்பத்தோரு அடியை நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

அவளை மணந்துகொள்ளும் எண்ணத்தில் பொய் சொல்கிறாயா என்றும் கேட்கிறார். மணக்க எண்ணம் உண்டு. பொய் இல்லை. எண்ணத்தை இதுவரை அவளிடம் சொன்னதில்லை, இப்போது இந்த அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள், ஆகவே சொன்னதாக வைத்துக்கொள்ளலாம்.

தவறு முழுக்க என்னுடையது. எல்லை பிசகியது அவளுக்குத் தெரியாது. அவளுடைய குற்றம் ஒன்றே ஒன்றுதான், என் எண்ணிக்கையை நம்பினாள். மற்ற பத்து குடும்பங்களின் எல்லையையும் சங்கிலி போட்டு அளக்கச் சொல்லி விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன்.

வாக்குமூலம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. இதில் எழுதியிருப்பது எல்லாம் நடந்தபடியே இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கடைசியில் பக்கங்களின் எண்ணிக்கையைச் சாட்சி எண்ணிச் சொல்ல வேண்டும் என்று எழுத்தர் கேட்டார். எண்ணினேன். பதினொன்று என்றேன். பின் வரிசையிலிருந்து குன்ஹில்ட் ஸ்டாவ்லி, "பன்னெண்டு. ரெண்டு தாளு ஒட்டிக்கிட்டு இருக்கு" என்றாள். நான் மறுபடி எண்ணிப் பார்க்கவில்லை. அவள் சொன்னதையே எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டு, பன்னிரண்டு பக்கங்களுக்கும் கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ஹால்வோர் ப்ரெக்கே

என் முன்னிலையில் சரிபார்க்கப்பட்டது. பக்கங்கள் பன்னிரண்டு.
(ஒப்பம்) எழுத்தர்