நாலடித் தொட்டிக்கு என்னென்ன வேண்டும்

முதன்முதலாகக் கடல்நீர்த் தொட்டி வைக்கிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள் சார், மீனை முதலில் வாங்கிவிடுகிறார்கள். உங்கள் மேஜைமேல் அந்தக் கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு தங்கமீன் சுற்றிச் சுற்றி வருகிறதே, பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. குழந்தை கேட்டிருப்பாள், வாங்கிவிட்டீர்கள். வீட்டில் வைக்க இடமில்லை என்று ஸ்டேஷனுக்கு வந்துவிட்டது. தப்பே இல்லை. ஆனால் இன்ஸ்பெக்டர் துரைராஜ் சார், பவளப்பாறைத் தொட்டி என்பது வேறு ரகம். அதற்கு முதலில் சாமான், அப்புறம் தண்ணீர், அப்புறம் பாறை, கடைசியில்தான் மீன். நடந்ததை நடந்தபடி சொல்லச் சொன்னீர்கள். சாமான் வாங்கின வரிசையில் சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும். ரைட்டர் நிதானமாக எழுதிக்கொள்ளட்டும்.

என் பெயர் வேம்பு, வயது நாற்பத்தெட்டு, இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை, கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. மயிலாப்பூரில் அண்ணா ஸ்ரீரங்கனோடும் மன்னி பங்கஜத்தோடும் முப்பது வருஷமாக இருக்கிறேன். அண்ணா காலேஜில் கணக்கு வாத்தியார். ரிடையர் ஆன மறு வருஷமே நுரையீரல் கெட்டுப் படுக்கையில் விழுந்தார். அவர் பிள்ளை சாய்நாத் சிங்கப்பூரில் இருக்கிறான். தொண்ணூற்றாறில் என்னை ஒரு வாரம் அங்கே கூப்பிட்டிருந்தான். அங்கே ஒரு கடை வாசலில்தான் அதைப் பார்த்தேன். நாலடித் தொட்டி, உள்ளே ஒரு துண்டுக் கடல். ஊதா, பச்சை, ஆரஞ்சு என்று பாறையே பூத்திருக்கிறது, நடுவில் வரி போட்ட கோமாளி மீன் இரண்டு. சாய்நாத் கையைப் பிடித்து இழுக்கிறான், என் கால் நகரவில்லை. இரண்டு மணி நேரம் நின்றேன். நாற்பத்தேழு வயதில் காதல் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை சார், அவ்வளவு சந்தோஷம்.

முதல் சாமான் கண்ணாடி. பன்னிரண்டு மில்லிமீட்டர், அதற்குக் குறைந்தால் தொடவே தொடாதீர்கள். திருவல்லிக்கேணி இனாயத் பாய்தான் அறுத்து ஒட்டிக் கொடுத்தார். பத்து மில்லிமீட்டர் போதும் என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் மசியவில்லை. ஒட்டின பசை காய்கிற வரைக்கும் பத்து நாள் தினமும் ஆபீஸ் விட்டதும் போய்த் தொட்டுப் பார்ப்பேன். "மாப்பிள்ளை வந்துட்டார், சேர் போடுப்பா" என்று கடையில் கிண்டல் செய்வார்கள். நானும் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வருவேன்.

அடுத்தது தண்ணீர். உப்புப் பொடி வாங்கிக் கரைக்கலாம் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். கடலை வாசலில் வைத்துக்கொண்டு அது எதற்கு? பட்டினப்பாக்கத்தில் ஆரோக்கியமேரி என்று ஒரு அம்மாள். அவள் புருஷன் கட்டுமரத்தில் தூரமாகப் போய் மொள்ளும் தெளிந்த தண்ணீரைக் கேன் கேனாகக் கொடுத்தாள். மீனுக்குத் தீனியாகப் பொடி இறாலும் அவளிடம்தான். "இன்னா ஐரே, மீனுக்கு மீன் வாங்கிக்கினு போறே. ஊட்ல அம்மா சாத்துவாங்க, பாத்துக்க" என்று சிரிப்பாள். இறாலை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, பாட்டிலைத் துணியில் சுற்றி, ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். மன்னி கண்டுபிடித்த அன்று ஃப்ரிட்ஜையே அலம்பி விட்டாள். எனக்கு இரண்டு நாள் காப்பி கிடையாது.

எங்கே வைப்பது என்பது பெரிய கேள்வி. பவளப் பூச்சிகளுக்கு வெயில் ஆகாது, தண்ணீர் சூடேறினால் வெளுத்துச் செத்துப்போகும். எங்கள் வீட்டில் ஏ.சி. இருந்தது ஒரே ஒரு அறையில், அண்ணாவின் அறையில். மன்னி ஒத்துக்கொள்ளவே இல்லை. அண்ணாதான் சொன்னார்: "இருக்கட்டும் பங்கஜம். இந்தச் சுவரையே எத்தனை நாள் பாத்துண்டு கிடக்கறது? மீனாவது நகரும்." அவர் அப்படித்தான். சின்ன வயதில் அப்பா போனதிலிருந்து நான் கேட்டு அவர் இல்லை என்று சொன்னதே கிடையாது. கட்டிலைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டுத் தொட்டியை நடுவில் வைத்தேன். கட்டிலிலிருந்து பார்த்தால் ஜன்னல் மறைந்துபோயிற்று. ஏ.சி. இருக்கும்போது ஜன்னல் எதற்கு?

அதற்கப்புறம் ஸ்கிம்மர். இது இல்லாமல் பவளம் வளர்க்கவே முடியாது. உயரமான குழாய், அதில் தண்ணீரை நுரைக்க வைத்தால் அழுக்கெல்லாம் நுரையோடு மேலே வந்துவிடும். சாய்நாத் அதைச் சிங்கப்பூரிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு வந்தான். அப்பாவுக்கு ஒரு பெட்டியும் கொண்டுவந்தான், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின். மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டால் நாள் முழுக்க ஓடும், கரண்ட் இருந்தால் போதும். ஒரே நாளில் வீட்டுக்கு இரண்டு மெஷின். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஸ்கிம்மருக்குக் கீழே ஒரு டப் வேண்டும். டப் வைக்க இருந்த ஒரே மூலையில் அண்ணாவின் பழைய ஆக்சிஜன் சிலிண்டர் நின்றது. மெஷின்தான் வந்துவிட்டதே, கரண்ட் போனால் இன்வர்ட்டர் வாங்கிவிடலாம், இந்த இரும்பு எதற்கு என்று மன்னியிடம் சொன்னேன். "விஷயம் தெரிஞ்சவன் நீதான், பாத்துப் பண்ணு" என்றாள். மறுநாளே சிலிண்டரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். டப் அந்த மூலையில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

பாறையும் உயிர்களும் கீழக்கரை வலியுல்லா கொண்டுவந்தார், பஸ்ஸில், ஈரச் சாக்கில் சுற்றி. அந்தச் சாக்கைப் பிரித்த காலை நேரத்தை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். ஒரு கடல் சாமந்தி, இரண்டு கோமாளி மீன், பேர் தெரியாத பத்துப் பதினைந்து பூச்சி. பாறை இடுக்கில் ஒளிந்து வந்த ஒரு இறால், அது கொடுக்கைச் சொடுக்கினால் டக்கென்று சத்தம் வரும். அண்ணா படுத்தபடியே அந்தச் சத்தத்துக்குத் தாளம் போடுவார். "கஞ்சிராக்காரன் இன்னிக்குக் காலப்பிரமாணத்துல நிக்கமாட்டேங்கறானேடா" என்று சொல்லிச் சிரித்துவிட்டு ஐந்து நிமிஷம் இருமுவார். நல்ல நாட்கள் சார் அவை. இரண்டு பேரும் குழந்தைகள் மாதிரி இருந்தோம்.

இன்வர்ட்டருக்கு வருகிறேன். தேனாம்பேட்டையில் ஒரு கடை. என்னென்ன ஓடணும் என்று கடைக்காரர் கேட்டார். ஒரு ஆக்சிஜன் மெஷின், ஒரு மீன்தொட்டி என்றேன். "அப்ப பெரிசா எடுங்க சார், ரெண்டு பேட்டரி. சின்னது ரெண்டையும் சேத்து இழுக்காது, ஏதாவது ஒண்ணுதான்" என்றார். பெரியதை அளந்து பார்த்தேன். தொட்டியின் ஸ்டாண்டுக்கு அடியில் நுழையாது. சின்னதை எடுத்துக்கொண்டேன். அதன் முகத்தில் மூன்று முள் பிளக் செருக ஒரே ஒரு ஓட்டை. வீட்டுக்கு வந்து அண்ணாவின் மெஷினைச் செருகி மன்னிக்கு ஓட்டிக் காட்டினேன். மெயினை அணைத்தும் மெஷின் நிற்கவில்லை. மன்னி சுவாமி படத்துக்கு முன்னால் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மன்னி சமையலறைக்குப் போனதும் அந்தப் பிளக்கை எடுத்துச் சுவரில் செருகினேன். தொட்டி பிளக்கை இன்வர்ட்டரில் செருகினேன். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. ஆக்சிஜன் குறைந்தால் மனுஷன் கூப்பிடுவான், கையைத் தட்டுவான். மீன் என்ன செய்யும்? வாயில்லாத ஜீவனுக்குத்தான் முதலில் ஏற்பாடு பண்ண வேண்டும். சுவர் பிளக்கைத் தேவைப்பட்டால் மாற்றிக்கொள்ளலாம், அரை நிமிஷ வேலை.

இந்த மே மாதம் பதினான்காம் தேதி அடையாறில் அண்ணாவின் பெண் வர்ஷினிக்கு வளைகாப்பு. மன்னி எட்டு மணிக்கே கிளம்பினாள். அண்ணாவை என்னிடம் ஒப்படைத்தாள். பத்து பத்துக்குக் கரண்ட் போயிற்று. மெஷின் ஒரு தரம் கீச்சென்று கத்திவிட்டு நின்றது. தொட்டி மட்டும் ஜம்மென்று ஓடியது. எனக்குப் பெருமையாக இருந்தது சார், மாதக்கணக்கில் யோசித்துச் செய்த ஏற்பாடு பிசகாமல் நின்றது.

சிக்கல் சூடுதான். கத்திரி வெயில், ஏ.சி. நின்றுவிட்டது. இருக்கிற குளிர்ச்சி வெளியே போகக்கூடாது என்று கதவைச் சாத்தினேன். விசிறியை எடுத்துத் தண்ணீர்மேல் வீசினேன். அப்படி வீசினால் இரண்டு டிகிரி இறங்கும், இதை ரைட்டர் எழுதிக்கொள்ளட்டும், உங்களுக்கும் உதவும். அண்ணா எனக்குப் பின்னால் கட்டிலில் இருந்தார். தொட்டிக் கண்ணாடியில் அவர் உருவம் தெரிந்தது. முதலில் எழுந்து உட்கார்ந்தார். "வேம்பு, மெஷின் நின்னுடுத்துடா" என்றார். "வந்துடும்ணா, இப்போ வந்துடும்" என்றேன். குளிக்கிறபோது பத்து நிமிஷம் மெஷின் இல்லாமல் இருப்பார், டாக்டரே சொல்லியிருக்கிறார். அப்புறமும் இரண்டு மூன்று தரம் கூப்பிட்டார். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. நான் கையை மாற்றி மாற்றி வீசினேன்.

டெலிபோன் வேலை செய்ததா என்று கேட்டீர்கள். செய்தது. பத்தரைக்கு மன்னியே கூப்பிட்டாள். பின்னால் வளையல் சத்தம், பாட்டுச் சத்தம். "கரண்ட் இருக்கோ?" என்றாள். "போயிடுத்து மன்னி. இன்வர்ட்டர் ஓடிண்டிருக்கு" என்றேன். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. "அப்பாடா" என்று வைத்துவிட்டாள்.

தினமும் தொட்டிக்கு ஒரு நோட்டு எழுதுவேன். ஆரம்பிக்கிற யாரானாலும் எழுத வேண்டும். இரண்டு வாரம் கழித்து மன்னி அதைப் பிரித்துப் பார்த்துத்தான் உங்களிடம் வந்தாள். உங்கள் கையில் இருப்பது அதுதான். பத்து பத்து, மின்தடை, தொட்டி இன்வர்ட்டரில். பத்து நாற்பது, வெப்பம் இருபத்தெட்டு, சாமந்தி பாதி சுருங்கல். பதினொன்று ஐந்து, அறையில் சத்தம் அடங்கியது, மீன் நிதானம். பன்னிரண்டு இருபது, மின்சாரம் வந்தது, ஒரு உயிரும் சேதமில்லை. அந்தக் கடைசி வரிக்காக மன்னி என்னை என்னவெல்லாமோ சொன்னாள். அது தொட்டி நோட்டு. அதில் தொட்டியைப் பற்றித்தான் எழுத முடியும்.

அண்ணா கட்டிலில் இறக்கவில்லை, தரையில் கிடந்தார் என்று மன்னி சொன்னது நிஜம்தான். பதினொரு மணி இருக்கும். கண்ணாடியில் அவர் உருவம் காணோமே என்று திரும்பினேன். கட்டிலிலிருந்து இறங்கித் தவழ்ந்து ஸ்டாண்டுக்கு அடியில் வந்துவிட்டார். வாய் பேசவில்லை. இன்வர்ட்டரில் இருந்த பிளக்கைப் பிடித்துவிட்டார் சார். கணக்கு வாத்தியார், எது எங்கே ஓடுகிறது என்று படுத்தபடியே கண்டுபிடித்திருக்கிறார். பிடியும் நல்ல பிடி. ஒவ்வொரு விரலாகத்தான் பிரிக்க முடிந்தது. பிரித்து, கையை அவர் மார்மேல் வைத்து, விட்டால் மறுபடி போவார் என்று கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் கையெல்லாம் வியர்த்து வழிந்தது. ஈரக் கையோடு பிளக்கைத் தொட்டு ஷாக் அடித்து, அண்ணாவுக்கு ஏதாவது ஆகிவிட்டிருந்தால் மன்னிக்கு நான் என்ன பதில் சொல்வேன்?