திருநகர் காணாத திருக்கூட்டம்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் அருள்தந்தை அவர்களே! அமியான் நகரத்து நெசவாளப் பெருமக்களே! முன்வரிசையை அணிசெய்யும் மூத்தோரே! பால்குடிப் பிள்ளைகளை மடியில் பொதிந்துகொண்டு பனியில் காத்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

எருசலேமைக் காக்க இன்னொரு படை புறப்படுகிறதாம். தோளில் தைக்கத் துணிச்சிலுவை தருகிறார்கள். வாங்குமுன் ஒரு நிமிடம் நில்லுங்கள். என் இளமையில் அதைத் துருக்கியரிடமிருந்து மீட்கப் புறப்பட்ட ஏழைக் கூட்டத்தில் நானும் ஒருவன். என்னோடு நடந்தவர்கள் கொல்லன் ஓடாரும் அவன் மனைவி ரிஷில்தும்.

வாள் இருந்ததா? இல்லை. வழி தெரிந்ததா? இல்லை. வயிற்றுக்கு வகை இருந்ததா? அதுவும் இல்லை! வாக்கு இருந்தது, வானம் இருந்தது, வாய் நிறையப் பாட்டு இருந்தது. போர்க்குதிரைக்கு அடிப்பதுபோல உழவு மாட்டுக்கு லாடம் அடித்தான் ஓடார்.

"கடவுளே கூப்பிட்டிருக்காரு. வழியையும் அவரே காட்டுவாரு" என்றான்.

"ஆமாய்யா, உன் கிழட்டு மாட்டைப் பார்த்ததுமே கோட்டைக் கதவு தானா தொறந்துக்கும்!" என்றாள் ரிஷில்த்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நாங்களும் சிரித்துக்கொண்டேதான் நடந்தோம்.

அங்கேரி நாட்டில் சிரிப்பு தீர்ந்தது. பசி கண்ணை மறைத்தது. நம்மைப் போலவே கர்த்தரைக் கும்பிடும் ஓர் ஊரின் களஞ்சியத்தை உடைத்தோம். தடுத்து நின்றாள் ஒரு விதவை. கழுத்துச் சிலுவையைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். யாரோ தள்ளினார்கள். விழுந்தாள்.

ஓடார் தூக்கிய தானிய மூட்டையைப் பிடித்துக்கொண்டாள் ரிஷில்த். "இவளும் நம்ம சாமியத்தானே கும்பிடுறா? இவளா நமக்கு எதிரி?"

"வழிய விடுடி! பசியில செத்துட்டா எருசலேமுக்கு யாரு போறது?"

"நீ போய்யா. நான் இவளத் தூக்கி உக்கார வைக்கணும்."

அவன் நின்றான், திரும்பிப் பார்த்தான், கூட்டம் இழுத்துக்கொண்டு போனது.

கடல் கடந்தோம். "முன்னே போன நம்மவர்கள் துருக்கியரின் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள்" என்று ஒரு பொய் பரவியது. அதை விசாரிக்க ஒரு தலைவனும் இல்லை! கொள்ளையில் பங்கு கேட்க முந்தி ஓடினோம். மலையிடுக்கில் துருக்கியர் காத்திருந்தார்கள். அம்பு மழை பொழிந்தது. சம்மட்டியை ஓங்கியபடியே ஓடார் சாய்ந்தான். அவனை அடக்கம்கூடச் செய்யாமல் ஓடிவந்தேன்.

திரும்பும் வழியில் அதே அங்கேரி ஊர். அந்த விதவையின் வயலில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள் ரிஷில்த். நான் தனியாக வருவதைக் கண்டதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அந்த மனுசன் எருசலேமைப் பார்த்தாராண்ணே?"

"இல்லம்மா."

அவள் அழவில்லை. கையிலிருந்த களையை வரப்பில் போட்டுவிட்டுக் கேட்டாள்: "அன்னிக்கு ஏதாவது சாப்பிட்டிருந்தாரா?"

என்னருமை மக்களே! அவர்களிடம் பக்தி குறைவா? பாசம் குறைவா? பலம்கூடக் குறைவில்லையே! அந்தப் பக்தியை முன்னே விரட்டிவிட்டுப் பின்னே நின்றவர்கள் யார்? இன்று கூப்பிடுகிறவர்களைக் கேளுங்கள்: போகிற எங்களுக்கு என்ன உணவு? நாங்கள் கடந்துபோகும் ஊருக்கு என்ன மிச்சம்? பதில் வரும்வரை ஓரடியும் எடுத்து வைக்காதீர்கள்!

ரிஷில்துக்கு நான் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரியவில்லை, தாய்மார்களே. அவன் பக்கத்திலேயே நடந்தேன், சாப்பிட்டாயா என்று கேட்கவே இல்லை.

குளிரைப் பொறுத்துச் செவிகொடுத்த உங்களுக்கு நன்றி. பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.